நாலு மணி வடையின் கணக்கு

மணி மூன்றே முக்கால் ஆனால் போதும், அலுவலகத்தில் நாற்காலிகள் லேசாகப் பின்னால் நகரும். பேன்ட்ரி பக்கம் டம்ளர் சத்தம் கேட்கிறதா என்று காது தானாகத் திரும்பும். அன்றைக்கு மசால் வடை என்றால், வடைக்கு முன்னால் செய்தி மாடி ஏறிவிடும். ஆனால் அந்த வடை எந்தக் கணக்கில் நம் தட்டுக்கு வருகிறது என்று நாம் கேட்பதில்லை. டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

நம் எல்லோருக்குள்ளும் ஊறிக்கிடக்கும் ஒரு நினைப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். வேலையிடத்தில் கொடுக்கிற டீயும் தின்பண்டமும் முதலாளியின் தாராள மனசு என்பது அது. உப்பிட்டவரை மறக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். கைக்கு வந்த வடை விருந்துபோலத் தெரிவதில் வியப்பில்லை. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு மேனேஜர் இருந்தார். யாராவது சம்பள உயர்வுக்கு வாய் திறந்தால், “ரெண்டு வேளை டீ, பிஸ்கட்... இதுக்கெல்லாம் மாசம் எவ்வளவு ஆகுது தெரியுமாய்யா?” என்பார். நாங்களும் ஏதோ கடன்பட்டவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொள்வோம். பிஸ்கட் ஆளுக்கு இரண்டு, எண்ணித்தான் வைப்பார்கள்.

இந்தக் கடன் உண்மையில் யார் பக்கம் இருக்கிறது? இதே கேள்வி அமெரிக்காவில் ஒருமுறை நீதிமன்றப் படியேறியது. டென்வர் நகரில் தறியில் கழுத்து டை நெய்த ‘லாஸ் விக்வாம் வீவர்ஸ்’ என்ற சிறிய நிறுவனம். இரண்டாம் உலகப் போருக்கு இளைஞர்கள் போய்விட, உரிமையாளர் பில் கிரைனெட்ஸ் வயதான ஆண்களைத் தறியில் உட்கார வைத்துப் பார்த்தார். நுணுக்கமான வேலைக்கு விரல் வளையவில்லை. பிறகு நடுவயதுப் பெண்களைச் சேர்த்தார். விரல் வளைந்தது, ஆனால் நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கத் தெம்பில்லை. எல்லோரையும் கூட்டிப் பேசியதில் ஒரு வழி பிறந்தது. காலையில் 15 நிமிடம், பிற்பகலில் 15 நிமிடம், காபியோ டீயோ குடித்துவிட்டு உட்காரலாம்.

நெசவு கூடிவிட்டது. மகிழ்ந்துபோன கிரைனெட்ஸ் இந்த இடைவேளையைக் கட்டாயமாக்கினார். கூடவே, அந்த அரை மணி நேரத்துக்குக் கூலி கிடையாது என்றும் சொல்லிவிட்டார். எனக்கு இந்த மனிதர்மேல் கோபம் வருவதில்லை, சிரிப்புதான் வருகிறது. அரசின் தொழிலாளர் துறை வழக்குப் போட்டது. 1956இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: இந்த இடைவேளையால் வேலை கூடுகிறது, முதலாளிக்குப் பயன் கிடைக்கிறது, ஆகவே அதுவும் வேலை நேரம்தான், கூலி கொடு.

நம் ஊருக்கு வருவோம். இங்கே ஆலைக்குள் டீ நுழைந்ததே தாராளத்தால் அல்ல, வியாபாரத்தால். முதல் உலகப் போர்க் காலத்தில், இந்தியர்களுக்கு டீ குடிக்கும் பழக்கத்தை உண்டாக்க நினைத்த தேயிலை வியாபாரிகள் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் டீக்கடை போட வைத்தார்கள். களைத்த ஆள், காய்ந்த தொண்டை, எதிரே சூடான டீ. பழக்கம் ஒட்டிக்கொள்ள வேறென்ன வேண்டும்?

பிறகு வந்தது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரிடம் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வைக்கச் சொல்லி மாநில அரசு விதி செய்யலாம் என்றது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து எண்ணி அந்த 250ஐ 100 ஆக இறக்கியது.

சட்டமே சொல்கிறது என்றால் வடை இலவசம்தானே என்று கேட்பீர்கள். இல்லை. கேண்டீன் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம், சும்மா கொடுக்க வேண்டும் என்பதல்ல. ஆனால் விலை போடுவதில் ஒரு கட்டு இருக்கிறது. லாபமும் கூடாது, நஷ்டமும் வேண்டாம். வீட்டில் அம்மா சுட்ட வடைக்கு விலை சொல்லச் சொன்னால் என்ன செய்வார்? பருப்பு, எண்ணெய், வெங்காயம், மிளகாய் என்று கூட்டுவார். வீட்டு வாடகையையும் வாணலி வாங்கிய காசையும் அதில் சேர்க்க மாட்டார். கேண்டீன் கணக்கும் அப்படித்தான். இடம், கட்டடம், மேசை நாற்காலி, பாத்திரம், தண்ணீர், விளக்கு போன்ற செலவுகள் நிர்வாகத்தின் தலையில். வெளியே டீக்கடைக்காரர் இத்தனையையும் வடையின் விலையில்தான் எடுத்தாக வேண்டும். கேண்டீன் வடை மலிவாக இருப்பதற்கு இதுதான் காரணம். ‘மட்டமான எண்ணெய், அதான் மலிவு’ என்று வரிசையில் முணுமுணுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். எண்ணெய் சில இடங்களில் மட்டமாகவும் இருக்கும், அது தனிக் கதை.

சரி, கேண்டீன் விதி எட்டாத சின்ன அலுவலகங்கள் ஏன் சும்மாவே கொடுக்கின்றன? ஒரு கூட்டல் போட்டுப் பார்ப்போம். தெருமுனை டீக்கடைக்குப் போய் வர 20 நிமிடம். 20 பேர் போனால் 400 நிமிடம், அதாவது ஆறே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கிட்டத்தட்ட ஒரு ஆளின் ஒரு நாள் வேலை, ஒவ்வொரு சாயங்காலமும் தெருவில் நடந்துபோகிறது. அதன் எதிரே ஒரு பிளாஸ்க் டீயையும் ஒரு தட்டு வடையையும் வைத்துப் பாருங்கள். அந்த மேனேஜர் இந்தக் கணக்கை எங்களிடம் சொன்னதே இல்லை. வருமான வரிக்காரர்களும் வேலை நேரத்து டீ, சிற்றுண்டியை நம் சம்பளத்தோடு சேர்த்து வரி போடுவதில்லை. சம்பளத்தில் சேராத ஒன்றைச் சொல்லிச் சம்பள உயர்வை மறுப்பது எந்த ஊர் நியாயமோ!

நன்றி சொல்ல வேண்டாம் என்கிறேனா? தாராளமாகச் சொல்லலாம், முதலில் அதிகாலையில் வந்து பருப்பு ஊறப்போட்ட கேண்டீன் மாஸ்டருக்கு. உங்கள் வேலையிடத்தில் கேண்டீன் இருந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். விலைப்பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும், எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். என்ன பலகாரம், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைப் பேச ஒரு கேண்டீன் கமிட்டி உண்டு. தொழிலாளர் தரப்புக்கும் அதில் நாற்காலி உண்டு. அதில் இப்போது உட்கார்ந்திருப்பவர் யார் என்று நாளைக்கு வடை வரிசையில் நிற்கும்போது கேட்டுப் பாருங்கள்.