கடல் தாண்டி வந்த குரல்

தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்தில் தூணில் தொங்கும். திருச்சுழிக் கரிசலில் பருத்தி எடுப்பவர்களோடு வரப்பில் உட்கார்ந்திருக்கும். மதுரைக்கு வானொலி நிலையம் வந்தது 1987இல்தான். அதற்கு முன் திருச்சியும் திருநெல்வேலியும் இருந்தாலும், சினிமாப் பாட்டென்றால் முள் கொழும்புக்குத்தான் திரும்பும். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. மத்திய அலை உப்புக் கடல்மேல் அதிகம் தேயாமல் வரும். இரவில் இன்னும் துலக்கம்.

அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், மூச்சுவிடாமல் பேசும் கே. எஸ். ராஜா, ‘பாட்டுக்குப் பாட்டு’ அப்துல் ஹமீத். முகம் தெரியாது, குரலை வைத்தே சொந்தக்காரர்களாக்கிக்கொண்டோம். எவ்வளவு அழகான தமிழ் அது!

டிரான்சிஸ்டரின் பின்மூடிக்குள் இருப்பவை பேட்டரிக் கட்டைகள். குரல் கம்மினால் கழற்றி முற்றத்து வெயிலில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி போடுவார்கள்.