உங்களுக்குத் தெரியுமா? ஆஸ்கரில் இரண்டாம் இடமும் ஜெயிக்க வைக்கும்!

ஆஸ்கர் பரிந்துரைக்கு நடிகர்களை நடிகர்களும், படத்தொகுப்பாளர்களைப் படத்தொகுப்பாளர்களும்தான் தேர்வு செய்கிறார்கள். இறுதிச் சுற்றில், விருதை வழங்கும் அமைப்பின் எல்லாத் துறை உறுப்பினர்களும் வாக்களிப்பார்கள்.

அந்தச் சுற்றில் சிறந்த படத்துக்கு மட்டும் கணக்கு வேறு. படங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும். எந்தப் படமும் பாதிக்கு மேல் முதலிட வாக்கு வாங்காவிட்டால், கடைசியில் நிற்கும் படம் நீக்கப்படும். அதற்கு விழுந்த ஒவ்வொரு வாக்கும் அதே சீட்டில் அடுத்துள்ள படத்துக்குப் போகும். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இப்படியே நடக்கும். அதனால், சிலர் தலையில் வைத்துக் கொண்டாடிப் பலர் ஒதுக்கும் படத்தைவிட, பெரும்பாலோருக்குப் பிடித்த படத்துக்கே வாய்ப்பு அதிகம்.

வாக்காளர் யார் என்பதும் பெரிய விஷயம். 2015, 2016 இரண்டு விழாக்களிலும் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையருக்கே போயின. எழுந்த கண்டனம் முற்றிலும் நியாயமானது. அதன்பின் பெண்கள், பிற இனத்தவர், வெளிநாட்டவர் பெருமளவில் சேர்க்கப்பட்டார்கள். 2020இல் கொரியப் படம் ‘பாரசைட்’ வென்றது. ஆங்கிலமல்லாத படம் சிறந்த படமானது அதுவே முதல்முறை. நம் சூர்யாவுக்கு 2022இலும் கமல்ஹாசனுக்கு 2025இலும் உறுப்பினராக அழைப்பு வந்தது.

ஒரு பிரிவில் போட்டியிடும் படங்கள் அத்தனையையும் பார்த்தவர்களே அதில் இறுதி வாக்களிக்கலாம் என்ற விதி எல்லாப் பிரிவுகளுக்கும் வந்தது 2026 விழாவுக்குத்தான்.