பல பயிற்றுநர்களும் ஒரு கண்ணும்

உயர்தரப் பரீட்சை நெருங்கினால் யாழ்ப்பாணத்தில் செமினார்களுக்குக் குறைவிருக்காது. ஒரே ஆசிரியரிடம் ரியூசனுக்குப் போய்வந்த பிள்ளைகள் ஒரே நாளில் பலரைக் கேட்டுவிட்டு வருவார்கள். துவக்கு என்றாலே போர் ஞாபகம் வரும் குடாநாட்டுக்குப் புதினமாக இருந்தாலும், அமெரிக்காவில் சுடும் பயிற்சியும் இப்படித்தான் இரு வழியாக நடக்கிறது. வார இறுதி வகுப்பில் ஒரு பயிற்றுநர் இரண்டு நாளும் கூடவே நிற்பார். ரேஞ்ச்மாஸ்டர் என்ற பயிற்சி நிறுவனம் நடத்துவது போன்ற மாநாடுகளிலோ பல பயிற்றுநர்கள் சில மணிநேரப் பாடங்களாக நடத்துவார்கள். கொடுக்கும் காசுக்கு மாநாடே லாபமென்று தோன்றும். ஆனால் அறிவது வேறு, கைக்கு வருவது வேறு. மாநாடு அறிவைத் தரும்; கையைப் பழக்குவது தொடர்ந்து பார்க்கும் ஒரு கண்தான்.

அது ஏன் என்று விளங்க ஒலிம்பிக் 10 மீற்றர் எயார் பிஸ்டல் போட்டியை எடுத்துக்கொள்வோம். 75 நிமிடத்தில் ஒற்றைக் கையால் 60 முறை சுட வேண்டும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர் மட்டுமே. பிஸ்டலின் முன்குறியும் பின்குறியும் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருக்க, விசையை இழுக்கும்போது முன்குறி அரை மில்லிமீற்றர் விலகினாலே குண்டு ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேல் தள்ளிப் போகும். விரல் இழுக்கையில் மணிக்கட்டும் சேர்ந்து அசைவதைச் சுடுபவர் உணரமாட்டார். பக்கத்தில் நிற்பவர் காணலாம். அது இன்றைய தடுமாற்றமா, ஊறிப்போன பழக்கமா என்பது போன கிழமையும் பார்த்தவருக்கே விளங்கும்.

இந்தியாவின் பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கர் இதற்கு நல்ல உதாரணம். ரோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்னர் பயிற்றுநர் ஜஸ்பால் ராணாவைப் பிரிந்தார். அங்கே பதக்கம் கிடைக்கவில்லை. 2023இல் மீண்டும் அவரிடமே போனார். 2024 பரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். ரோக்கியோவில் அவருடைய பிஸ்டல் பழுதானதே காரணம் என்று வாதிடலாம். அதில் நியாயம் உண்டு. ஒருவரின் கதை முழு நிரூபணமாகாது. என்றாலும் பரிஸில் சுடுதலில் வெண்கலம் வென்ற இன்னொரு இந்தியரான சுவப்னில் குசாலேயும் பயிற்றுநர் தீபாலி தேஷ்பாண்டேயிடம் நெடுங்காலம் பயின்றவரே.

ஒரே குருவிடம் நின்றால் அவருடைய பிழையும் நம்முடையதாகிவிடாதா? ஆகும். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் மாநாடு உதவுகிறது: ஒருவர் மறுப்பதை இன்னொருவர் காரணத்தோடு ஏற்பார். ஆனால் இரண்டையும் எடைபோட, கையில் ஏற்கெனவே ஒரு வழிமுறை படிந்திருக்க வேண்டும். ஆகவே வகுப்பு முதலில், மாநாடு பிறகு. மாநாட்டுக்குக் காசு கட்டுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அங்கே கற்றதை அடுத்த கிழமை யார் பார்த்துத் திருத்தப்போகிறார்?