புகையிலை அறுவடையும் இலையின் தரமும்

உழவுத்தொழிலில் விதைத்தலும் நீர்பாய்ச்சலும் களைபறித்தலும் அருமையான செயல்களென்றும், விளைந்ததைக் கொய்வது எளிய செயலென்றும் பலர் கருதுவர். நெல்லுக்கு இக்கருத்து ஓரளவு பொருந்துவதாகலாம். புகையிலைக்கோ சிறிதும் பொருந்தாது. நெற்பயிரில் நாம் வேண்டுவது மணி. அது முற்றியபின் தாள் எந்நிலையில் இருப்பினும் பெரிதும் கவலையில்லை. புகையிலையில் நாம் வேண்டுவது இலையே. இலையோ ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் பொருளன்று; வளர்ந்து, முற்றி, பழுத்து, தளர்ந்து செல்வது. அவ்வொழுக்கில் எந்நாளிற் கைவைப்பது, எவ்வாறு கைவைப்பது என்னும் இரண்டுமே பல திங்கள் உழைப்பின் பயனை முடிவு செய்கின்றன. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

புகையிலை நம் நாட்டுப் பழஞ்செடியன்று. அமெரிக்கக் கண்டத்திற்குரிய இதனை இந்தியாவிற்குக் கொணர்ந்தவர் போர்ச்சுக்கீசியர். ஆதலின் சங்கச் சான்றோர் இதனை அறியார். ஆயினும், பிற்காலத்தில் தமிழரிடை இது பெற்ற செல்வாக்குப் பெரிது. சீனிச்சர்க்கரைப் புலவர் பழநி முருகன்பால் புகையிலையையே தூதாக விடுத்து ஒரு தூதுப் பிரபந்தம் இயற்றியமை அதற்குச் சான்றாகும். அப்பழநியை அடுத்த திண்டுக்கல் வட்டாரத்திலும், ஈரோட்டுப் பக்கத்திலும், வேதாரணியத்திலும் மெல்லும் புகையிலை பயிராகின்றது. யாழ்ப்பாணத்துப் புகையிலை முற்காலத்தில் திருவிதாங்கூருக்குக் கடல்வழிச் சென்று விலைபோயிற்று. சிகரெட்டுக்குரிய வர்ஜீனியா வகையோ ஆந்திரத்திலும், கருநாடகத்தின் மைசூர்ப் பகுதியிலும் மிகுதியாக விளைகின்றது. இவ்விருவகைக்கும் அறுவடைமுறை வெவ்வேறு.

வர்ஜீனியாப் புகையிலையை இலை இலையாக ஒடிப்பர். செடியில் இலைகள் அடியிலிருந்து மேல்நோக்கி முறையே முற்றுகின்றன. ஆதலின் முதலில் அடியிலைகளில் இரண்டு மூன்றை ஒடித்து, ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து அவற்றின்மேல் உள்ளவற்றை ஒடித்து, இவ்வாறு பலமுறை ஒரே வயலுக்கு மீண்டும் மீண்டும் செல்வர். மெல்லும் புகையிலையை அவ்வாறு செய்வதில்லை. செடி முழுவதையும் அடியோடு அரிவாளால் அறுத்து, வயலிலேயே சிறிது வாடவிட்டு, பின்னர் வெயிலிலும் கொட்டகையிலும் உலர்த்திக் குவித்துப் பாடம் செய்வர். முன்னது இலையொடிப்பு, பின்னது செடியறுப்பு.

இனி, முற்றுதல் என்பது யாதென நோக்குவாம். இளைய இலையிற் பச்சையமும் புரதமும் மிகுந்திருக்கும். முற்ற முற்றப் பச்சையம் குறைந்து, மாப்பொருள் சேர்கின்றது. இளம்பச்சை வெளிறி மஞ்சள் தோன்றுதல், இலைநுனி கீழ்நோக்கி வளைதல், நடுநரம்பு வெளுத்தல், ஒடித்தால் ஒலியுடன் எளிதிற் பிரிதல் ஆகியவை வர்ஜீனியா இலை முற்றியமைக்கு அடையாளங்கள். மெல்லும் புகையிலையில் இலை தடித்து, மேற்பரப்புக் கொப்புளித்தாற்போல மேடுபள்ளமாகி, மஞ்சட் புள்ளிகள் பரவி, மடித்தால் முறியும் நிலையை அடையும்.

முற்றாத இலையை ஒடிப்பவன் இருவகையில் இழக்கின்றான். இலையிற் சேரவேண்டிய பொருள் சேராமையால் உலர்ந்தபின் எடை குறைகின்றது. பச்சையம் நீங்காமையாற் பாடம் செய்தபின்னும் பச்சைநிறம் தங்கி விலையைக் கெடுக்கின்றது. அன்றியும், செடிக்கு உணவு ஆக்கித்தரும் உறுப்பு இலையே. உழைக்கும் இலையை முன்னரே கவர்ந்துவிட்டால் மேலிலைகளின் வளர்ச்சியும் குன்றும். காலங்கடந்து ஒடிப்பவன் வேறுவகையில் இழக்கின்றான். பழுத்த இலை தான் சேர்த்த பொருளைத் தானே செலவிடத் தொடங்குகின்றது. மெலிந்து, நொறுங்கும் தன்மை அடைந்து, புள்ளிநோய்க்கும் எளிதில் இரையாகின்றது.

ஒடித்தவுடன் இலை இறந்துபோவதில்லை என்பது இங்கு உணரத்தக்கது. பச்சையிலையின் நிறையில் நூற்றுக்கு 80 பங்கிற்குமேல் நீரே. வர்ஜீனியா இலையைச் சூளைக் கொட்டகையில் கோல்களிற் கட்டித் தொங்கவிட்டு, முதலில் ஏறக்குறைய 35 பாகை வெப்பத்தில் ஈரம் போகாதபடி காப்பர். அப்போது உயிருள்ள இலையில் நொதிகள் தொழிற்பட்டு, மாப்பொருளைச் சர்க்கரையாக்குகின்றன, பச்சையமும் சிதைகின்றது. நன்கு மஞ்சளித்தபின்னரே வெப்பத்தைப் படிப்படியாக உயர்த்தி, இறுதியில் 70 பாகை அளவிற் காம்பையும் உலர்த்துவர். கொட்டகை முழுவதற்கும் வெப்பம் ஒன்றே. ஆகவே முற்றியதும் முற்றாததும் கலந்து ஒடிக்கப்பட்டிருப்பின், ஒன்றற்குப் பொருந்தும் காலம் மற்றொன்றற்குப் பொருந்தாது. முற்றிய இலை கருகும். முற்றாத இலை பச்சையாகவே உலரும். வயலிற் செய்த பிழையைச் சூளையில் திருத்தவியலாது.

செடியறுப்பில் இடர் வேறு. அடியிலை பழுத்துக் கடந்தும், நுனியிலை முற்றாமலும் இருக்கும் ஒரே நாளில் யாவும் வீழ்த்தப்படுகின்றன. இவ்வேறுபாட்டைக் குறைக்கவே பூவரும்பையும் நுனியையும் முன்னதாகக் கிள்ளி, பக்கத் துளிர்களையும் களைவர். விதைக்குச் செல்லும் ஊட்டம் அதனால் இலைக்குத் திரும்புகின்றது. மேலிலைகள் விரிந்து தடிக்கின்றன. நிகோடின் என்னும் காரப்பொருள் வேரிலேயே தோன்றி இலைக்கு ஏறுவதாதலின், நுனிகிள்ளிய செடியின் இலையில் அதுவும் மிகும். மேலும், தண்டோடு உலரும் இலையிலிருந்து ஒரு பகுதிப் பொருள் தண்டிற்குச் செல்கின்றது. ஆதலின் தனியாக ஒடித்து உலர்த்திய இலையைவிட இதன் எடையிழப்பு மிகுதி. எனினும் ஆட்கூலி குறைவு. மெல்லும் புகையிலைக்கு வேண்டிய காரத்திற்கும் தடிப்பிற்கும் இம்முறை ஏற்றதாதலின் நிலைத்துநிற்கின்றது.

நாளைப்போலவே பொழுதும் முதன்மையானது. மழை பெய்தவுடன் அறுத்தல் ஆகாது. இலையின்மேலுள்ள பிசின் மழையிற் கழுவப்பட்டுவிடும். அது மீண்டும் ஊறச் சில நாட்கள் காத்திருத்தல் வேண்டும். ஒடித்த இலையைக் கடும்வெயிலிற் கிடத்தினால் வெந்து நிறங்கெடும். நசுங்கிய இலை நசுங்கிய இடத்திற் கறுக்கும். மணல் படிந்த இலையும் மதிப்பிழக்கும்.

இவ்வளவும் உழவன் அறியாதவை அல்ல. அறிந்தும் அவன் தவறுவதேன்? ஆட்கள் கிடைக்கும் நாளும் இலை முற்றும் நாளும் ஒன்றுபடுவதில்லை. மேகம் திரண்டால் அச்சம் உந்துகின்றது. கடன் கொடுத்தவன் வாயிலில் நின்றால் பசிய இலையும் முற்றியதுபோலத் தோன்றுகின்றது. குண்டூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976-இல் அமைந்த புகையிலை வாரியத்தின் ஏலக்களத்திலோ, இலையின் நிறமும் தரமுமே விலைபேசும். கடன்பட்ட காரணத்தை எவரும் கேளார்.

மற்றொன்றும் ஈண்டுக் கூறற்பாலது. பனியில் நனைந்த இலையைக் கையாலும் மார்பாலும் அணைத்துச் சுமக்கும் தொழிலாளரின் தோல்வழியே நிகோடின் உடலிற் புகுகின்றது. தலைச்சுற்றல், தலைநோய், வாந்தி முதலியன உண்டாகின்றன. இதனைப் பச்சைப் புகையிலை நோய் என்பர். அமெரிக்காவின் புளோரிடாவில் 1970-இல் இது மருத்துவரால் விளக்கப்பட்டது. நம் நாட்டில் குஜராத்துத் தொழிலாளரிடையேயும் காணப்பட்டுள்ளது. பனி உலர்ந்தபின் ஒடித்தலும், கையுறையும் நீர்புகா ஆடையும் அணிதலும் இதற்குக் காப்பாகும். ஈரம் புலர்ந்தபின் ஒடித்தல் இலைக்கும் நன்று, ஒடிப்பவர்க்கும் நன்று. ஒரு நாழிகைப் பொறுமை இருவகைப் பயனையும் தருமாயின், அதனை மறுக்கும் அவசரம் இலாபமாகாது.

புகையிலையின் தீமையை இக்கட்டுரை மறைக்கவில்லை. அறுவடை எத்துணைச் செம்மையாயினும் இலையின் நஞ்சு நீங்காது. நல்ல நிறம் நல்ல பொருள் என்பதற்குச் சான்றாகாது. இதனைக் கைவிட்டு வேறு பயிர் செய்வோர்க்கு உதவுதல் நாட்டின் கடன். ஆயினும், இன்று இப்பயிரை நம்பி வாழும் குடிகள் பல. அவர்களுடைய உழைப்பு ஒரு நாட் பிழையால் வீணாகாதிருத்தலும், அவர்தம் உடல் கேடுறாதிருத்தலும் நாம் எண்ணவேண்டியவை. கொய்தலும் ஒரு கல்வியே என்பதைப் புகையிலை நமக்குக் கற்பிக்கின்றது.