எந்தக் கடலுக்குப் போகலாம்?

பரீட்சை முடிந்துவிட்டது. புத்தகப் பை பரண்மேல் ஏறிவிட்டது. இனி உங்கள் வீட்டில் ஒரே பல்லவிதான்: "அம்மா, கடலுக்குப் போகலாம்!" அவருக்கும் எப்படியோ நாலு நாள் லீவு கிடைத்திருக்கிறது. கைப்பேசியில் ஹோட்டல் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதோ பார், படுக்கையிலிருந்தே கடல் தெரியுமாம்!" என்று பூரித்துப் போகிறார். நீங்களும் தலையை ஆட்டிவிடுகிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள், அம்மா! நாலு வயதுக் குழந்தை படுக்கையில் சாய்ந்துகொண்டு கடலை ரசிக்கப் போகிறதா என்ன? கரையில் இறக்கிவிட்ட மறு நிமிஷம் அது தண்ணீரை நோக்கி ஓடும். அந்தத் தண்ணீரின் குணம் எப்படி என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அறையும் சாப்பாடும் ரயில் டிக்கெட்டும் அதற்கு அப்புறம்.

தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது. எங்கே இறங்கினாலும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். குழந்தை குளிரில் விறைத்துப்போகும் என்ற பயம் கிடையாது. ஆனால் குணத்தில் ஒரு கடலைப்போல் இன்னொன்று இல்லை. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை வங்காள விரிகுடா நேராக வந்து மோதுகிறது. குறுக்கே தடுப்பார் யாரும் இல்லை. கரையும் பல இடங்களில் சட்டென்று சரிந்து இறங்குகிறது. இந்த நிமிஷம் முழங்காலளவு இருக்கிற தண்ணீர், அடுத்த அலையில் இடுப்புக்கு வந்துவிடும். உங்கள் இடுப்பு என்றால் குழந்தைக்குத் தலைக்கு மேல் அல்லவா? மெரீனாவில் குளிக்க இறங்குகிறவர்களைப் போலீஸார் விரட்டுவது இதற்காகத்தான். சுண்டலுக்கும் பட்டத்துக்கும் மணல் வீட்டுக்கும் மெரீனாவை மிஞ்ச ஓர் இடம் கிடையாது. குளிக்க மட்டும் அது லாயக்கில்லை. சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரைக்குச் சுத்தத்துக்கும் பாதுகாப்பு வசதிகளுக்குமாக 2021-ல் 'நீலக்கொடி'ச் சான்று கிடைத்தது. நல்ல சங்கதிதான். ஆனால் கொடி நட்டதற்காக அலை பணிந்துவிடுமா?

கோடிக்கரையைத் தாண்டித் தெற்கே வாருங்கள். அங்கே இலங்கை மதில்சுவர் மாதிரி எதிரே நிற்கிறது. பெரிய கடலின் அலைகள் உள்ளே நுழைய வழியில்லை. ஆழமும் குறைவு. இதுதான் பாக் விரிகுடா. ராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் இதற்கு அழகாகப் 'பெண் கடல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தீவின் மறுபக்கத்து மன்னார் வளைகுடா 'ஆண் கடல்'. ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அலறுவது யார் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்!

பெண் கடலில் பல இடங்களில் கரை சேறாக இருக்கும். மணல் வேண்டுமானால் ராமநாதபுரத்துக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே, உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கிற அரியமான் கடற்கரைக்குப் போகலாம். கரையோரம் சவுக்குத் தோப்பு, நீண்ட மணல், கணுக்காலை நனைத்துவிட்டுப் போகிற சிற்றலை. சின்னக் குழந்தைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடியும் ராமேசுவரம் வரை போகிறது. கடலுக்கு நடுவே ரயில் போகிற அந்தச் சில நிமிஷங்களுக்காகவே ஒரு தரம் அந்தப் பக்கம் போய் வரலாம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியையும் பாருங்கள். ஆனால் அங்கே குழந்தையின் கையை விடாதீர்கள். இரண்டு கடலும் சேருகிற இடம், நீரோட்டம் பொல்லாதது.

பெண் கடலுக்கும் கோபம் வரும் காலம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கிறபோது அதுவும் கொந்தளிக்கும். ஆகையால் அரையாண்டு விடுமுறையைவிடக் கோடை விடுமுறைதான் அதற்குத் தோது. கோடையில் வேறொரு தொல்லை இருக்கிறது. தென்காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். காற்றடைத்த ரப்பர் வாத்தில் குழந்தையை உட்காரவைத்தீர்களோ, அலை இல்லாத அந்தத் தண்ணீரிலேயே சத்தமில்லாமல் அது உள்ளே போய்க்கொண்டிருக்கும். வாத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு வாளியும் கரண்டியும் எடுத்துப் போங்கள்.

கன்னியாகுமரிப் பக்கம் போகிறவர்களுக்குக் 'கள்ளக்கடல்' தெரிந்திருக்க வேண்டும். எங்கேயோ தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை, நாட்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத வெயில் நாளில் திருடனைப்போலக் கரையேறும். ஏப்ரல், மே மாதங்களில்தான் இது அதிகம். அதாவது, நம் பிள்ளைகளின் லீவில்! 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த சமயம் அது. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. புறப்படுமுன் அதைப் பார்க்கும் வேலையை அவரிடம் ஒப்படையுங்கள். ஹோட்டல் படம் பார்த்த கைப்பேசிதானே!

எந்தக் கரையானாலும் ஒரு விஷயத்தில் அநேகமாக எல்லாத் தாய்மாரும் ஏமாறுவார்கள். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைகிறது. நடுவில் ஓரிடம் மட்டும் கறுத்து, அமைதியாக இருக்கிறது. "இங்கே அலையே இல்லை, குழந்தை இங்கே விளையாடட்டும்" என்று தோன்றும். கரையில் வந்து கொட்டுகிற தண்ணீர் எல்லாம் திரும்பிப் போகிற வாசல் அதுதான்! நல்ல நீச்சல்காரரையும் அது இழுத்துப் போய்விடும். அதில் சிக்கினால் கரையைப் பார்த்து நீந்திக் களைத்துப் போகக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வர வேண்டும். கரை அரிக்காமலிருக்கக் கல் கொட்டியிருக்கிறார்களே, 'தூண்டில் வளைவு', அதன் ஓரத்திலும் இந்த இழுப்பு உண்டு.

மற்றவை சில்லறை ஜாக்கிரதைகள். காலை எட்டரை வரை, பிறகு மாலை நாலரைக்கு மேல் போதும். நடுப்பகல் வெயில் குழந்தையின் தோலுக்கு ஆகாது. ஆறு மாதத்துக்கு உட்பட்டதை வெயிலிலேயே காட்டாதீர்கள். கரையில் கண்ணாடிக் கூழ்போல ஒதுங்கிக் கிடக்கும் சொறி மீன் செத்திருந்தாலும் கொட்டும். குச்சியால் கிளறக்கூட விடாதீர்கள். கலங்கிய தண்ணீரில் நடக்கிறபோது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால், மணலில் பதுங்கியிருக்கும் திருக்கை தானே விலகிப் போகும்.

ஐந்து பெரியவர்கள் போயிருந்தால், "அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஐந்து பேரும் நினைத்துவிடுவது வழக்கம். அரைமணிக்கு ஒருவர் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். முறைக்காரர் குழந்தைக்குக் கையெட்டும் தூரத்தில், பேச்சில்லாமல், கைப்பேசி இல்லாமல் நிற்க வேண்டும். உங்கள் முறை முடிந்ததும் நீங்கள் நிம்மதியாகப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். மணல் விழாத பக்கமாகப் பார்த்து உட்காருங்கள்.