தொட்டிலும் தலைமைப் பதவியும்

நெசவாளர் இல்லங்களை அறிந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று. தறிக்கு அருகில் தூளி தொங்கும்; தாய் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே அதனையும் ஆட்டிவிடுவாள். நாற்று நடச் செல்வோர் வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டுவதுண்டு. பிள்ளையைப் பேணிக்கொண்டே தொழில் செய்வதை நம் பெண்மணிகள் யாரிடமும் சென்று கற்க வேண்டியதில்லை. ஆயினும், அதே பெண் பொதுப் பொறுப்பு ஒன்றை ஏற்க முன்வந்தால், "கைக்குழந்தைக்காரிக்கு இது எதற்கு?" என்ற கேள்வி உடனே எழுகின்றது. நாடாண்ட பெண்களும் இக்கேள்விக்குத் தப்பவில்லை.

பாகிஸ்தானில் பேநசீர் பூட்டோ 1988 செப்டம்பரில் தம் முதற் குழந்தையைப் பெற்று, டிசம்பரில் பிரதம மந்திரியானார். 1990 ஜனவரியில் அவருக்கு ஒரு பெண் மகவு பிறந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கத் தலைவர் ஒருவர் பதவியிலிருக்கையில் பிள்ளை பெற்றது இக்காலத்தில் அதுவே முதன்முறை. பிரதம மந்திரிக்கு மகப்பேற்று விடுப்பு விதிகளில் இல்லை என்று எதிர்ப்பாளர்கள் வாதித்தனர். அவரோ தாம் கருவுற்றிருந்ததை வெளியிடாமலே வைத்திருந்தார். மகப்பேற்றின் மறுநாளே அரசாங்கக் கோப்புகளைப் பார்க்கத் தொடங்கியதாகப் பின்னர் கூறினார். இதனை வீரம் என்று போற்றுவோர் உளர். பெற்ற உடம்புக்கு ஓய்வளிக்க மனமில்லாத ஓர் ஏற்பாட்டின் குறையாகவே நாம் இதனைக் காண்கின்றோம்.

28 ஆண்டுகள் கழித்து, நியூசிலாந்தில் நிகழ்ந்தது வேறு. 1893-லேயே பெண்களுக்கு வாக்குரிமை அளித்த நாடு அது. அதன் பிரதம மந்திரி ஜசிந்தா ஆர்டர்ன், 2018 ஜனவரியில் தாம் கருவுற்றிருப்பதை நாட்டிற்கு வெளிப்படையாகவே அறிவித்தார். வேலையும் பிள்ளையும் ஒருங்கே உடைய பெண் தாம் முதலாமவர் அல்லர் என்றும் கூறினார். ஜூன் 21-ஆம் நாள் பெண் குழந்தை பிறந்தது. ஆறு வார விடுப்பில் துணைப் பிரதமர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் பொறுப்பைக் கவனித்தார். விடுப்பு முடிந்து தாய் பணிக்குத் திரும்பியபின், குழந்தையைப் பேணும் முதன்மைப் பொறுப்பைத் தந்தை கிளார்க் கேஃபோர்ட் ஏற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் தாய் உரையாற்றியபோது, மூன்று மாதக் குழந்தையைத் தந்தை மடியில் வைத்திருந்ததை உலகமே கண்டது.

இரு பெண்மணிகளும் ஆற்றல் மிக்கவர்களே. வேற்றுமை ஆற்றலில் இல்லை. சூழ்ந்திருந்த ஏற்பாட்டிலேயே இருந்தது. பதவியைப் பறிக்காமல் பணியைத் தாங்கியவர் ஒருவர். தொட்டிலைத் தமதெனக் கொண்டவர் இன்னொருவர். இவ்விருவர் துணை கிடைத்ததும் தாய்மை தலைமைக்குத் தடையாகவில்லை.

எனினும் சுமை முற்றும் நீங்கிவிட்டதென்று கூறுவதற்கில்லை. 2023 ஜனவரியில் ஆர்டர்ன், பதவிக்கு வேண்டிய வலிமை தம்மிடம் மீதமில்லை என்று கூறிப் பதவி விலக முன்வந்தார். அவ்வாண்டு பள்ளி செல்லவிருந்த மகளுடன் இருக்க விரும்புவதையும் சொன்னார். அதனைத் தோல்வி என்று நாம் கருதவில்லை. ஏற்கவும் விலகவும் உரிமை உடையவரே உண்மையான தலைவர்.

இனி நம் சங்கங்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. நாற்காலி கிடைத்துவிட்டது, அதில் அமர நேரமும் துணையும் கிடைத்தனவா? அடுப்பெரியும் வேளையில் நிர்வாகக் குழுக் கூட்டம் வைத்துவிட்டு, "பெண் அங்கத்தினர் வருவதில்லை" என்று நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதுவது நியாயமாகாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின்னர் கூடலாம். கூட்டம் நடக்கும் இடத்திலேயே ஒரு தூளி கட்ட இடமளிக்கலாம். பிள்ளைப்பேற்றுக் காலத்தில் உடன் அங்கத்தினர் பணியைத் தாங்கி, அவர் திரும்பியதும் முகமலர்ச்சியுடன் ஒப்படைக்கலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டும்.

ஒருவர் சுமையைப் பலர் பகிர்ந்து தாங்குவதே கூட்டுறவு. நூலுக்கும் விதைக்கும் பொருந்துகின்ற இந்நெறி தொட்டிலுக்கும் பொருந்தும். அடுத்த தேர்தலில் ஒரு தாய் வேட்பாளராக நிற்கும்போது, "குழந்தையை யார் பார்ப்பார்?" என்று அவரிடம் கேளாமல், "நாங்கள் பார்த்துக்கொள்கின்றோம்" என்று அங்கத்தினர்கள் சொல்வார்களாக.