ஜாகிர் உசேன் தபலா மீண்டும் பேசுகிறது! "சக்தி" குழுவின் மேடைப் பதிவும் ரசிகர்களும்

தபலா மேதை ஜாகிர் உசேன் 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 15-ந் தேதி அமெரிக்காவில் காலமானார். அவருக்கு வயது 73.

மறு ஆண்டே அவருடைய தபலா ரசிகர்களின் வீடு தேடி வந்தது!

"சக்தி" என்ற இசைக்குழு 2023-ம் ஆண்டில் நாடு நாடாகச் சென்று கச்சேரி செய்தது. குழு தோன்றிய 50-வது ஆண்டை ஒட்டிய சுற்றுப்பயணம் அது. மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்தார்கள். அது "மைண்ட் எக்ஸ்புளோஷன்" என்ற பெயரில் 2025-ல் இசைத்தட்டாக வெளிவந்தது. "மனதின் வெடிப்பு" என்று தமிழில் சொல்லலாம்.

வாசித்தவர்கள் ஐந்து பேர். கிடார், ஜான் மெக்லாலின். தபலா, ஜாகிர் உசேன். பாட்டு, சங்கர் மகாதேவன். வயலின், கணேஷ் ராஜகோபாலன். கஞ்சிரா முதலிய தாள வாத்தியங்கள், செல்வகணேஷ்.

கச்சேரி நடந்தபோது ஐவரும் இருந்தார்கள். இசைத்தட்டு வந்தபோது ஒருவர் இல்லை. எனவே ரசிகர்கள் இதை வெறும் புதுத் தட்டாகக் கேட்கவில்லை. போனவர் வாசிப்பதாகக் கேட்கிறார்கள்.

இரண்டு வகை ரசிகர்கள்

சக்தி குழுவுக்குச் சென்னையில் இரண்டு வகை ரசிகர்கள் உண்டு.

ஒரு வகை, கச்சேரி ரசிகர்கள். மார்கழி வந்தால் சபா சபாவாக ஏறி இறங்குகிறவர்கள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்பார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காபி குடிக்கப் போகிறவர்களைக் கண்டால் இவர்களுக்குக் கோபம் வரும்.

இன்னொரு வகை, கிடார் பிள்ளைகள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் என்ஜினீயரிங் கல்லூரிகளுக்குப் பஞ்சம் இல்லை. கல்லூரி விழா என்றால் மேடையில் மின்சார கிடார் உண்டு, டிரம்ஸ் உண்டு. மயிலாப்பூர் சபாக்கள் இந்தப் பக்கத்துக்கு வெகு தூரம். சாயங்காலம் ஆவடி ரெயிலில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு, சபா எல்லாம் அந்தச் சின்ன செல்போனுக்குள்தான்.

இந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பிடித்தமான மேல்நாட்டு இசை ஒன்று இருக்கிறது. அதற்குப் "புரோகிரசிவ் ராக்" என்று பெயர். மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டு அல்ல. கால் மணி நேரம் போகும். சில சமயம் அரை மணியும் ஆகும். தாளம் நாலு நாலாக நடக்காது. ஐந்து, ஏழு, ஒன்பது என்று தாவும். கேட்கிறவர்கள் எண்ணிக்கை விட்டுப்போய்த் திண்டாடுவார்கள்.

"இது என்ன அதிசயம்? ஐந்து என்றால் கண்ட நடை. ஏழு என்றால் மிச்ர சாப்பு. எங்கள் வீட்டுக் குழந்தை பாட்டு வகுப்பில் போடுகிற தாளம்தானே!" என்று கச்சேரி ரசிகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே கேள்வியை 50 ஆண்டுகளுக்கு முன்பே தன்னைத்தானே கேட்டுக்கொண்டவர் ஒரு வெள்ளைக்காரர்.

வீணை கற்ற வெள்ளைக்காரர்

அவர்தான் ஜான் மெக்லாலின். 1942-ல் இங்கிலாந்தில், யார்க்ஷயரில் உள்ள டான்காஸ்டரில் பிறந்தவர். அமெரிக்கா சென்று, மைல்ஸ் டேவிஸ் என்ற புகழ்பெற்ற ஜாஸ் மேதையின் தட்டுகளில் கிடார் வாசித்தார். 1971-ல் "மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா" என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார்.

பெயரைக் கேட்டு பஜனைக் கோஷ்டி என்று எண்ணிவிட வேண்டாம். காதைப் பிளக்கும் மின்சார இசை! வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். புரோகிரசிவ் ராக் ரசிகர்கள் அந்தக் குழுவைத் தங்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மெக்லாலின் அமெரிக்காவில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய் வீணை கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் நம் சங்கீத வித்வான் டாக்டர் எஸ்.ராமநாதன். அங்கேயே வயலின் வித்வான் எல்.சங்கரின் நட்பும் கிடைத்தது. சங்கர் சென்னையில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அவருடைய தந்தை வி.லட்சுமிநாராயணா அங்கே இசை ஆசிரியராக இருந்தார். ஜாகிர் உசேன் முன்பே பழக்கம். மிருதங்கத்துக்கு ராமநாதபுரம் வி.ராகவன் சேர்ந்தார். கடத்துக்கு வந்தவர் "விக்கு" விநாயக்ராம்.

1975-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி. நியூயார்க் பக்கத்தில், லாங் ஐலண்டில் உள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரி. மெக்லாலின் மின்சார கிடாரை வைத்துவிட்டார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மரக் கிடாரை மடியில் எடுத்துக்கொண்டார்.

அன்று நடந்த கச்சேரிதான் சக்தியின் முதல் இசைத்தட்டு. முதல் உருப்படி மட்டும் 18 நிமிடம்!

பின்னாளில் சக்திக்காகவே அவர் ஒரு தனிக் கிடார் செய்துகொண்டார். ஆப்ரகாம் வெக்டர் என்பவர் செய்து கொடுத்தது. வழக்கமான தந்திகளோடு, அவற்றின் குறுக்கே சுருதிக்காக 7 தந்திகள். விரல் பலகையை மெட்டுக்கு மெட்டு குடைந்து பள்ளம் ஆக்கியிருந்தார்கள். தந்தியை அழுத்தி கமகம் வாசிக்க வேண்டும் அல்லவா? வீணையில் வாசித்துப் பழகிய விரல் கிடாரிலும் அதையே தேடியது.

ரசிகர்கள் முகம் சுளித்தார்கள்

ரசிகர்கள் மகிழ்ந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். நடந்தது வேறு.

மகாவிஷ்ணு ரசிகர்களில் பலர் திகைத்துப் போனார்கள். மின்சாரம் எங்கே? டிரம்ஸ் எங்கே? தரையில் உட்கார்ந்து பானையைத் தட்டுகிறார்களே! தட்டு வெளியிட்ட கொலம்பியா கம்பெனிக்கும் இது உவப்பாக இல்லை. மின்சார கிடார் தட்டு பெட்டி பெட்டியாக விற்கும். இது விற்குமா என்ற கவலை அவர்களுக்கு.

மூன்றே மூன்று தட்டுகள். 1978-ல் குழு கலைந்தது. அதே ஆண்டில் மெக்லாலின் வெளியிட்ட தட்டின் பெயர் என்ன தெரியுமா? "மின்சார கிடார்காரர்"! ரசிகர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலையே தலைப்பாக வைத்தது போல் இருக்கிறது.

ஆனால் அந்த மூன்று தட்டுகளும் சாகவில்லை. கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டே இருந்தன. கிடார் கற்கிற பிள்ளைகள் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். முதலில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட தட்டு, 20 ஆண்டுகளில் பொக்கிஷம் ஆகிவிட்டது.

பானைக்குச் சம ஆசனம்

இங்கே விநாயக்ராமைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

கடம் என்பது மண் பானைதான். ஆனால் தண்ணீர் பிடிக்கிற பானை அல்ல. மானாமதுரையில் இதற்கென்றே மண் பிசைந்து, தட்டித் தட்டி, சுருதி பார்த்துச் சுடுகிறார்கள். ஓடு கனமாக இருக்கும். கைவிரல் படும்போது கணீர் என்று உலோகம் போல ஒலிக்கும்.

இவ்வளவு இருந்தும், கச்சேரி மேடையில் கடத்துக்குப் பின்வரிசைதான். பாடகர், வயலின், மிருதங்கம், அதற்குப் பிறகே கடம். மிருதங்க வித்வான் கண் காட்டினால்தான் தனியில் வாய்ப்பு. விநாயக்ராம் 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய கச்சேரிக்கே வாசித்தவர். அவருக்கும் சபா மேடையில் அதே இடம்தான்.

சக்தி மேடையில் அந்த வரிசை இல்லை. கிடாருக்கு என்ன இடமோ, அதே இடம் பானைக்கும். கிடார் ஒன்று சொன்னால் கடம் அதைத் திருப்பிச் சொல்லும். சங்கீதத்தில் அது கலப்படமா, கலப்புத் திருமணமா என்று பெரியவர்கள் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். கடம் வாசிக்கிற பையன்களுக்கு அந்த வாதம் தேவைப்படவில்லை. அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

மாண்டலின் வந்தது

1997-ல் மெக்லாலினும் ஜாகிர் உசேனும் மீண்டும் கூடினார்கள். விநாயக்ராமும் வந்தார். புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சவுராசியா சேர்ந்தார். "ரிமெம்பர் சக்தி" என்று பெயர். "சக்தியை நினைவிருக்கிறதா" என்று பழைய ரசிகர்களைப் பார்த்துக் கேட்பதாகவும் எடுத்துக்கொள்ளலாம்!

அடுத்து வந்தவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். ஆந்திராவில் பாலகொல்லு என்ற ஊரில் பிறந்து, சிறுவனாகச் சென்னைக்கு வந்து புகழ் பெற்றவர். மாண்டலின் மேல்நாட்டு வாத்தியம், அதில் கமகம் வராது என்று முதலில் சிலர் தலையை ஆட்டினார்கள். அவர் மின்சார மாண்டலினில் ஐந்து தந்தி போட்டு வாசித்துக் காட்டினார். ஆட்டிய தலைகள் அப்புறம் வேறு விதமாக ஆடின.

விநாயக்ராமின் இடத்தில் அவருடைய மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் மட்டும் மூன்று தட்டுகள் வெளிவந்தன. மூன்றும் மேடைப் பதிவுகளே. இந்தக் குழுவுக்குக் கண்ணாடி அறையைவிட மேடைதான் ராசி.

2014-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி ஸ்ரீநிவாஸ் காலமானார். வயது 45தான். சக்தி பல ஆண்டு மவுனமாகிவிட்டது.

தூரத்தில் இருந்தபடி ஒரு தட்டு

மீண்டும் எழுந்தது கொரோனா காலத்தில். ஆளுக்கு ஒரு நாட்டில் அடைந்து கிடந்தார்கள். அவரவர் பங்கைத் தனித்தனியாகப் பதிவு செய்து, ஒன்று சேர்த்தார்கள். "கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்" படப் பாட்டுக்குத் தேசிய விருது வாங்கிய சங்கர் மகாதேவன் பாடினார். கணேஷ்-குமரேஷ் சகோதரர்களில் மூத்தவரான கணேஷ் வயலினுக்கு வந்தார். 2023-ல் வெளியான அந்தத் தட்டு ("திஸ் மொமென்ட்") 2024 பிப்ரவரியில் கிராமி விருதையும் பெற்றது.

விருது வந்தாலும், பழைய ரசிகர்களுக்கு அதில் ஒரு குறை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஒழுங்கு கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது! ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "இப்போது என்ன செய்வாய்?" என்று மடக்குகிற விளையாட்டு அதில் இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசித்தால் அது எப்படி வரும்?

அந்தக் குறையைத் தீர்த்தது புதிய மேடைப் பதிவு.

தேடிக் கேட்கும் இடங்கள்

கச்சேரி ரசிகர்கள் தேடுவது தாளச் சண்டையை. தபலாவும் கஞ்சிராவும் மோதும் இடம். கஞ்சிரா ஒரு சாண் அகலம்கூட இல்லாத வாத்தியம். பலா மர வளையம். ஒரு பக்கம் தோல். ஓரத்தில் சலங்கைக் காசு. தோலில் தண்ணீர் தடவி நனைத்தால், வயிற்றுக்குள் இருந்து பேசுவது போல "கும்" என்று சத்தம் வரும். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த வாத்தியம் அது. ஜாகிர் உசேனின் இரண்டு கைகளுக்கு, செல்வகணேஷின் ஒரு கை ஈடு கொடுக்கிறது!

வாத்தியத்தை வைத்துவிட்டு வாயால் கொன்னக்கோல் சொல்வதும் சக்தி மேடையின் வழக்கம். மெக்லாலினும் சொல்வார். தாளத்தை எண்ண முடியாமல் திண்டாடுகிற கிடார் பிள்ளைகளுக்கு அதுதான் பாடம். ஏழையும் ஒன்பதையும் விரல் விட்டு எண்ண வேண்டாம். வாயால் சொன்னால் தானாக வரும் என்று தெரிந்துகொள்கிறார்கள். பிறகு அவர்களில் சிலர் மிருதங்க வாத்தியாரைத் தேடிப் போகிறார்கள்.

இரண்டு வகை ரசிகர்களும் ஒன்றாகத் தேடுகிற உருப்படி ஒன்று உண்டு. "ஸ்ரீனிஸ் டிரீம்" என்று பெயர். ஸ்ரீநிவாசின் கனவு. அவர் நினைவாக வாசிப்பது. மேடையில் வாசித்த அந்த உருப்படி 2026-ம் ஆண்டு கிராமி விருதுக்கான பட்டியலில் இடம் பெற்றது. முழுத் தட்டும் வேறொரு பிரிவில் பட்டியலில் இடம் பெற்றது.

மாண்டலின்காரர் இல்லை என்று ஏங்கி, மற்றவர்கள் வாசிக்கிறார்கள். அப்படி ஏங்கி வாசித்தவர்களில் ஒருவரும் இன்று இல்லை. இதைக் கேட்கும்போது எந்த இடத்தில் யாருக்காகக் கண் கலங்குவது என்று ரசிகர்களுக்குத் தெரியவில்லை.

சுற்றுப்பயணத்தின்போது மெக்லாலினுக்கு வயது 81. ஜாகிர் உசேனுக்கு 72. 1975-ல் சவுத்தாம்ப்டன் கல்லூரி மேடையில் உட்கார்ந்தபோது ஜாகிருக்கு வயது 24! இந்த இரண்டு மேடைப் பதிவுகளையும் அடுத்தடுத்து கேட்பது நல்லது. முதல் தட்டில் பையனின் அவசரம் இருக்கிறது. எல்லாவற்றையும் இன்றைக்கே வாசித்துவிட வேண்டும் என்ற துடிப்பு. புதிய தட்டில் அவர் காத்திருக்கிறார். கிடார் முடிக்கட்டும், வயலின் முடிக்கட்டும் என்று இடம் விடுகிறார். பிறகு ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான். அரங்கம் ஆரவாரிக்கிறது.

புதிதாகக் கேட்கிறவர்கள் "ஸ்ரீனிஸ் டிரீ"மில் தொடங்கலாம். ரெயில் இரைச்சலில் வேண்டாம். கஞ்சிராவின் "கும்" காதில் விழாது. வீட்டில், சாப்பாடு முடிந்து, தெரு அடங்கிய பிறகு கேட்க வேண்டும்.